துலோ சொல்லாத கை

கட்டுப் போட்ட கண்ணுக்குள் இருட்டுதான் இருக்க வேண்டும். செவுலோனிக்கு நீலம் தெரிந்தது.

இடது கண் போய்ப் பல வருடம். மிச்சமிருந்த வலது கண்ணில்தான் காலையில் புரை எடுத்தார்கள். புரையின் உறை தெரிவதற்கு நீலச் சாயம் விடுவார்களாம். ஊசி நுழைந்த நேரம் பார்த்து, அவர் தலைக்கு மேல் ஒரு கை நிழலாக நீண்டது. "துலோ" என்று மன்னிப்புக் கேட்காமல் அடுத்தவன் தலைக்கு மேல் கை நீட்டுகிறவன் ஃபிஜியில் மனுஷனே இல்லை. செவுலோனி தலையை வெடுக்கென்று இழுத்தார். சாயம் கருவிழியின் சதைக்குள் இறங்கிவிட்டது.

"கழுவிட்டோம் தாத்தா," என்றாள் நர்ஸ் உனாய்சி. "கருவிழி வீங்கியிருக்கு. சொட்டு மருந்துல வத்தும், சாயமும் மெல்லப் போயிரும். போகலைன்னா செத்தவங்க கருவிழிய வாங்கி வைக்கணும்."

"செத்தவன் கண்ணு செத்தவனுக்கே இருக்கட்டும். என் தலைக்கு மேல கை நீட்டுனது யாரு? துலோ சொல்ல வாய் இல்லையா?"

"நான் துலோ சொல்லிட்டுத்தானே துணி போர்த்தினேன்? உள்ள டாக்டரும் நானும் மட்டும்தான். எங்க நாலு கையும் உங்க கண்ணுகிட்டயே இருந்துச்சு."

"அப்ப அஞ்சாவது கை யாரோடது, உங்க ஆத்தாளோடதா?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

தகரக் கூரையில் மழை இரைந்தது. சமையல் கட்டிலிருந்து மரவள்ளி வேகும் வாசனை வந்து, மருந்து நெடியில் கலந்து, பிறகு இரண்டும் அடங்கி, புதிதாய் வெட்டிய குழியின் ஈரமண் வாசனை மட்டும் கட்டிலைச் சுற்றி நின்றது. பவளப்பாறைக்கு அப்பால் கடல் கறுப்பதுபோல நீலம் கறுத்தது. மேலிருந்து ஏதோ இறங்கியது. விரல்கள். நீளமான விரல்கள். உச்சிமயிர் சிலிர்த்தது.

செவுலோனி குனியவில்லை.

"துலோ சொல்லுடா. சொல்லாம இந்தத் தலைய நீ தொட முடியாது."

நின்றது. மெல்ல மேலே போனது.

மறுநாள் காலை கட்டை அவிழ்த்தார்கள். ஜன்னல் வெளிச்சம். ஓரத்தில் மட்டும் நீலம். வெள்ளைக்கார டாக்டர் கையைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார்.

"எத்தனை விரல்னு கேக்கறாரு, தாத்தா," என்றாள் உனாய்சி. குரலில் சந்தோஷம்.

"யார் கையில? அவர் கையிலயா, உன் தலைக்கு மேல இருக்கே, அதுலயா?"

"காலையிலயே ஆரம்பிச்சாச்சா?"

அது இறங்கியது. செவுலோனி பாய்ந்து எழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார். குளிர். ஈரம். விடவில்லை.

"சொல்லுடா துலோ!"

கிழவன் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை டாக்டர் பார்த்தார். உனாய்சியின் சிரிப்பு நின்றது. அவளுடைய அடர்ந்த முடியில் ஐந்து பள்ளங்கள் விழுந்தன. ஆழமாகிக்கொண்டே போயின.