ஓடுகிற பஸ்ஸில் ஒரு ரேடியோ

"இந்தப் பொண்ணு மூச்சு விடாம பேசுதே!"

அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் ஆறாம் வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அந்தப் பெயர் வீட்டிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

பாவம், அவள்தான் என்ன செய்வாள்? வகுப்பில் வாயைத் திறந்தால் டீச்சர் முறைப்பார். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அவர் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் நர்ஸ். அவர் எழுந்திருக்கும்வரை ரேடியோ பூனை மாதிரி நடக்க வேண்டும். நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சை எல்லாம் சாயங்காலம் அம்மா வந்ததும் மொத்தமாகக் கொட்டிவிடுவாள்.

அம்மா டவுன் பஸ் டிரைவர். அவர் வண்டியைக் கிளப்புவதும் தெரியாது, நிறுத்துவதும் தெரியாது. அவர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டே தலை சீவலாம் என்று பயணிகள் சொல்வார்கள்.

ஆனால் எத்தனை நேரம்தான் சீட்டில் உட்கார்ந்திருப்பது? அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "கொஞ்சம் நடங்க, ஓடுங்க" என்றார் டாக்டர். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லையே! நேராகப் போய் பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

அங்கேதான் மானம் போனது.

அந்தப் பந்தயத்தில் எல்லோருக்கும் பின்னால் ஒரு பஸ் மெதுவாக ஊர்ந்து வரும். முடியாமல் நின்றுவிட்டவர்களை அது ஏற்றிக்கொள்ளும். அந்த பஸ் எட்டிப் பிடித்துவிட்டால் அவ்வளவுதான், ஏற வேண்டியதுதான். போன வருஷம் பாலத்துக்குப் பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவிடம் அந்த பஸ் வந்து சேர்ந்தது. கதவு திறந்தது. டிரைவர் சீட்டில் இருந்தது யார் தெரியுமா? அம்மாவோடு ஒரே டிப்போவில் வேலை பார்க்கும் மீசைக்கார மாமா!

"ஏறுங்கக்கா. ஜன்னல் சீட்டு காலியாத்தான் இருக்கு" என்றார் அவர்.

அதற்கப்புறம் டிப்போவில் அம்மாவைப் பார்த்தாலே யாராவது "ஜன்னல் சீட்டு!" என்று குரல் கொடுப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்களை டமால் டமால் என்று வைப்பார். அந்தச் சத்தம் எதற்கென்று ரேடியோவுக்குத் தெரியும்.

"இந்த வருஷம் அந்த பஸ்ல ஏற மாட்டேன்" என்று ஒருநாள் தட்டு கழுவிக்கொண்டே அம்மா சொன்னார். "தவழ்ந்து போனாலும் சரி, நானே போய் கடைசிக் கோட்டைத் தொடுவேன்."

"நானும் வரேம்மா! பெரியவங்களோட சேர்ந்து சின்னவங்களும் ஓடலாம்னு போர்டுல போட்டிருக்கு. நான் பார்த்தேன். நீலக் கலர் போர்டு. அதுல ஒரு எழுத்துப் பிழை கூட இருக்கு..."

"போதும் போதும். முதல்ல என்கூட எக்சர்சைஸ் கிளாஸுக்கு வா. அங்க தாக்குப் பிடிச்சா பார்க்கலாம்."

உடற்பயிற்சி வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. மாடி ஏறும்போதே ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும். கடையில் கழித்துப் போட்ட டயர்கள்தான் அங்கே எல்லாவற்றுக்கும். டயரைப் புரட்ட வேண்டும், கயிறு கட்டி இழுக்க வேண்டும், ஏறிக் குதிக்க வேண்டும். சொல்லிக் கொடுப்பவர் விசில் மாஸ்டர். தூங்கும்போதுகூட அவர் கழுத்தில் விசில் தொங்கும் என்று பேச்சு.

"இங்க ஒரே ஒரு சட்டம்தான். பேசக் கூடாது. பேசினா பத்து உக்கி!" என்றார் மாஸ்டர். உக்கி என்றால் கையை முன்னால் நீட்டி, உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது.

"மாஸ்டர், இது எந்த வண்டியோட டயரு?"

"பத்து உக்கி."

"சும்மா ஒரு சந்தேகம்தானே கேட்டேன்?"

"இன்னும் பத்து."

"சந்தேகத்துக்குமா?"

மாஸ்டர் விசிலை ஊதினார். ரேடியோ உக்கி போட்டாள். மறுநாள் அவளால் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்காரவும் முடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் முடியவில்லை. சாயங்காலம் டயர் கடை மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கினாள்.

"நாளைக்கு வீட்டுலயே இருந்துக்கறியா?" என்று அம்மா கேட்டார்.

"இருக்க மாட்டேன்" என்றாள் ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் விடவில்லை. பேச்சையும் விடவில்லை, வகுப்பையும் விடவில்லை. மற்றவர்கள் போட்டதைப் போல மூன்று மடங்கு உக்கி அவள் கணக்கில் ஏறியது. மழைக்காலம் வருவதற்குள் அவள் அதே மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்.

அம்மாவுக்குத்தான் ஓட்டம் கைகூடவில்லை. பூங்காவைச் சுற்றி ஓடிப் பழகும்போது வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டிலிருந்து அம்பாகப் பாய்வார். முதல் திருப்பத்திலேயே முகம் சிவந்து நின்றுவிடுவார். அப்புறம் மறுபடி பாய்ச்சல், மறுபடி நிறுத்தம்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா சிரித்துக்கொண்டே ஓட ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஒருத்தர் ஆள் உயரக் கண்ணாடியோட பஸ்ல ஏறினாருடி."

"மூஞ்சி பார்க்கற கண்ணாடியா?"

"ஆமா. அத வாசல் பக்கமா நிறுத்திட்டாரு. அடுத்த ஸ்டாப்ல ஒரு பெரியவர் ஏறினாரு. எதிர்ல நிக்கற ஆளப் பார்த்து, 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்'னாரு. அந்த ஆளு தள்ளவே இல்ல. இவருக்குக் கோபம் வந்துடுச்சு. 'மரியாதையா சொன்னா கேக்க மாட்டீங்களா?'ன்னு கைய நீட்டினாரு. அவனும் கைய நீட்டறான்!"

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். கதை முடிந்தபோது இருவரும் கேட்டுக்கு முன்னால் இருந்தார்கள்.

"அம்மா! முழுசா ஒரு சுத்து வந்துட்டோம். நீ நிக்கவே இல்ல!"

"அட, ஆமா!"

ரேடியோ இதை விசில் மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். "பேசிக்கிட்டே ஓடினா அம்மாவுக்கு மூச்சு வாங்கல மாஸ்டர்!"

"பேச்சுல போறதும் மூச்சுதானே? அத ஏன் வீணாக்கணும்? பந்தயத்தன்னிக்கு ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார் மாஸ்டர். இதைச் சொல்ல வந்ததற்கும் பத்து உக்கி கிடைத்தது.

அம்மாவும் மாஸ்டர் பக்கம் சாய்ந்துவிட்டார். "எனக்கு இந்தத் தடவை முடிச்சாகணும். பேச மாட்டேன்னு சொன்னாத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போவேன்."

ரேடியோ உதட்டில் விரலை வைத்தாள். "பேச மாட்டேன்."

பந்தய நாள் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக அம்மா பறந்தார். ரேடியோ உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள். வழியில் ஒரு நாய் தொப்பி போட்டிருந்தது. அதைப் பற்றிக்கூட அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஆனால் நடக்கக் கூடாதது நடந்தது. அதே பாலம். அம்மா நின்றுவிட்டார். கை இடுப்புக்குப் போயிற்று. கூட்டம் எல்லாம் எப்போதோ முன்னால் போய்விட்டது. பின்னால் திருப்பத்தில், பாம்... பாம்... என்று ஹாரன் கேட்டது.

"போச்சு" என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. "நீ ஓடும்மா. நான் பஸ்ல ஏறிக்கறேன்."

ரேடியோ பின்னால் திரும்பி பஸ்ஸைப் பார்த்தாள். பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. பேசாவிட்டால் அம்மா அந்த பஸ்ஸில் ஏறிவிடுவார். எத்தனை உக்கி வேண்டுமானாலும் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் முடிவு செய்தாள்.

"அம்மா! நீ பஸ்ஸ இப்படியா ஓட்டுவ?"

"எப்படி?"

"கிளம்பினதும் பறக்கறது, அப்புறம் நடுரோட்டுல நின்னுடறது!"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "நானா? என் வண்டில நின்னுக்கிட்டே தலை சீவலாம்டி!"

"அப்ப அதே மாதிரி ஓடு. நீ டிரைவர், நான் கண்டக்டர். ஒவ்வொரு விளக்குக் கம்பமும் ஒரு ஸ்டாப்பு. அங்க யாரு ஏறுவாங்கன்னு நீ சொல்லணும். சொல்ல முடியாம மூச்சு வாங்கினா, வேகத்தைக் குறை."

"குறைக்கறதா? பின்னாடி பஸ் வருதுடி!"

"அது நடக்கற வேகத்துலதாம்மா வருது. நின்னாத்தான் பிடிக்கும். போலாம், ரைட் ரைட்!"

அம்மா மெல்ல ஓடத் தொடங்கினார். "டிப்போ வாசல்... பால்காரர் ஏறுவாரு... கேனை என் சீட்டுக்குப் பின்னாடி வச்சிட்டு... தூங்கிடுவாரு."

"மூச்சு வாங்குது. இன்னும் மெதுவா. அடுத்து?"

"தபால் ஆபீஸ். ஒரு புருஷன் பொண்டாட்டி. தினமும் சண்டை. அவரு முன்னாடி உக்காருவாரு, அந்தம்மா பின்னாடி உக்காருவாங்க."

"டிக்கெட்டு?"

"அத மட்டும் ரெண்டு பேருக்கும் சேர்த்து அவரே எடுப்பாரு!"

இப்போது அம்மா ஒரே மூச்சில் பேசினார். கால்களும் ஒரே சீராக விழுந்தன. ஹாரன் சத்தம் கொஞ்சம் பின்தங்கியது.

வழியில், பந்தயத்தில் ஓடிக் களைத்த தெருமுனைப் பேக்கரிக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். தொப்பை மேலும் கீழும் ஏறி இறங்கியது.

"சார், ஏறுங்க! எங்க பஸ்ல இடம் இருக்கு!" என்றாள் ரேடியோ.

"எங்கம்மா பஸ்ஸு?"

"எங்க அம்மாதான் பஸ்ஸு. டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம். உங்க கடைக்கு வர்ற ஒருத்தரைப் பத்திச் சொன்னா போதும்."

பேக்கரிக்காரர் சிரித்தபடி பின்னால் சேர்ந்துகொண்டார். பிறந்தநாள் கேக்கில் தன் பெயரையே எழுதச் சொல்லி, தானே வாங்கி, தானே வெட்டிச் சாப்பிடும் ஒருவரைப் பற்றிச் சொன்னார். கொஞ்ச தூரத்தில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த கல்லூரி அக்கா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் ஏறினார்கள். கடைசியில் ஓடியவர்கள் எல்லாம் ஒரு நீள வரிசையாகி, சிரித்துக்கொண்டும் கதை கேட்டுக்கொண்டும் ஓடினார்கள்.

ஆனால் ஒரு மேடு வந்தது. பாதி மேட்டில் அம்மா தடுமாறினார்.

"ஆஸ்பத்திரி ஸ்டாப்... இதோட முடிஞ்சுது. இதுக்கு மேல என் ரூட்ல ஸ்டாப்பே இல்லடி."

ஹாரன் மறுபடி பக்கத்தில் கேட்டது.

"ஆஸ்பத்திரில யாரு ஏறுவாங்க? அதச் சொல்லு!"

"உங்கப்பாதான். காலைல டியூட்டி முடிஞ்சு, கண்ணை மூடிக்கிட்டே ஏறுவாரு."

"அவரு இன்னிக்குக் கடைசிக் கோட்டுகிட்ட நிக்கறாரும்மா. டியூட்டி முடிஞ்சு நேரா அங்க வந்துடறேன்னு என்கிட்ட சொன்னாரு. அவரை ஏத்தாம விட்டுடுவியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு மேட்டை ஒவ்வொரு அடியாக ஏறினார். உச்சிக்கு வந்ததும் தூரத்தில் வெள்ளைச் சட்டையில் அப்பா தெரிந்தார். ஒரு கம்பத்தில் சாய்ந்து தூங்கி விழுந்துகொண்டிருந்தவர், இவர்களைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு குதித்தார்.

அம்மா கோட்டைத் தொட்டார். பக்கத்திலேயே ரேடியோவும் தொட்டாள். பேக்கரிக்காரர், கல்லூரி அக்கா, மற்றவர்கள் என்று மொத்த வரிசையும் வந்து சேர்ந்தது. அம்மா அழுதார், சிரித்தார், அப்பாவின் சட்டை முழுக்க வியர்வையை ஒட்டினார்.

அப்போதுதான் அந்த பஸ் வந்து நின்றது. மீசைக்கார மாமா கீழே குதித்தார்.

"என்னக்கா இது அநியாயம்? என் பாசஞ்சரை எல்லாம் நீங்களே ஏத்திட்டு வந்துட்டீங்க! வண்டி மொத்தமும் காலி!"

"ஜன்னல் சீட்டும் காலியா?" என்று அம்மா கேட்டார்.

"எல்லா ஜன்னலும் காலி!"

"அப்ப இங்கிருந்து வீட்டுக்கு உங்க வண்டிலதான் வருவோம். ஜன்னல் சீட்டு எனக்கு" என்றார் அம்மா, ஓடி முடித்ததற்குக் கழுத்தில் போட்ட பதக்கத்தை நன்றாகத் தெரியும்படி முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டே.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு விசில் மாஸ்டர் வந்தார். அவர் எப்போதோ ஓடி முடித்திருந்தார். "பேசிக்கிட்டேதான் வந்தீங்க போல?"

ரேடியோ உடனே கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். "எத்தனை மாஸ்டர்?"

மாஸ்டர் அம்மாவைப் பார்த்தார், வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் எல்லோரையும் பார்த்தார். "நீ பேசின பேச்சுக்கு உக்கி கணக்குப் போட்டா என் ஆயுசு போதாது" என்றவர், கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "கண்டக்டர்கிட்ட விசில் இல்லாம எப்படி? வச்சுக்கோ."

எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். அப்பா அவர் தோளில் சாய்ந்து அப்போதே தூங்கிவிட்டார். ரேடியோ படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினாள்.

பஸ் கிளம்பியது. வீடு வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாயிலிருந்து விசிலை எடுத்தால்தானே!