அண்ணி வீசிய மஞ்சள் துணி

ஆற்றி வைத்த தேநீரை அன்று காலை அந்த வீட்டில் யாரும் தொடவில்லை. மாமியார் மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, கோப்பையை நங்கென்று மேசையில் வைத்தாள்.

"சர்க்கரை போட்டியா, இல்ல அதையும் ஆட்டிக் காட்டிட்டு டப்பாவுலயே வச்சுட்டியா?"

அண்ணி சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து மாமியார் பக்கத்தில் வைத்தாள்.

"பேச மாட்டே... எப்படிப் பேசுவே? நம்ம மானம் கப்பலேறிடுச்சு! பால் வாங்கப் போனா கடைக்காரன் சிரிக்கிறான். 'உங்க மருமக டிவியில வந்தாங்களே பாட்டி'ங்கறான். எனக்கு அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு!"

அண்ணி என்பது அவளுக்கு வீட்டில் மட்டும் உள்ள பெயரல்ல. சொந்தக் கொழுந்தன் சிட்டு ஒருவன்தான். ஆனால் பைக் பந்தயம் ஓட்டுகிற உள்ளூர்ப் பையன்கள் எல்லோருக்கும் அவள் அண்ணி. விழுந்து புரண்டு தோல் உடையைக் கிழித்துக்கொண்டு வருபவர்களுக்குத் திட்டிக்கொண்டே தைத்துக் கொடுப்பவள் அவள். கல்யாணமாகி வந்த புதிதில் வாசல் அறையில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தாள். சிட்டுவின் பந்தய பைக்கை நிறுத்த இடமில்லை என்று கணவர் தலையைச் சொறிந்தபோது, அந்த அறையை ஒழித்துக் கொடுத்தாள். தையல் மெஷின் சமையலறைக்குக் குடிபோனது. அதற்காக யாரும் அவளுக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. வீட்டுப் பெண் விட்டுக்கொடுத்தால் அது தியாகக் கணக்கில் சேருமா என்ன!

அந்த வாரக் கடைசியில் உலகச் சுற்றுப் பந்தயம் அவர்கள் ஊருக்கு வந்திருந்தது. நாடு நாடாகப் போய் ஆண்டு முழுவதும் ஓடுகிற வீரர்களோடு, உள்ளூர்க்காரர் இருவருக்கும் அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் இடம் கொடுப்பார்கள். வைல்டு கார்டு என்று அதற்குப் பெயர். ஓர் இடம் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற பையனுக்குக் கிடைத்தது. இன்னொன்று சிட்டுவுக்கு. அணித் தலைவர் அவன் அண்ணன், அதாவது அண்ணியின் கணவர்; பைக் பட்டறை வைத்திருப்பவர்.

வேகத்தில் வரும்போது சிட்டுவுக்கு அணியினர் தூக்கிக் காட்டும் எழுத்துப் பலகை எதுவும் கண்ணில் ஏறாது. அதனால் உள்ளூர்ப் பந்தயங்களில் அண்ணி ஓடுபாதையோரச் சுவரில் நின்று, பைக் துடைக்கிற மஞ்சள் துணியை ஆட்டுவாள். 'போதும், வேகத்தைக் குறைத்து உள்ளே வா' என்று பொருள். அங்கே எல்லோருக்கும் அது தெரியும். கொடிக்காரர்கள்கூடச் சிரித்துக்கொண்டே அதை 'அண்ணி கொடி' என்பார்கள்.

நேற்று, யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்றிலும் ஆட்டினாள். ஆனால் உலகப் பந்தயத்தில் மஞ்சள் ஆடினால் 'முன்னால் ஆபத்து' என்றுதான் பொருள். சிட்டுவுக்குப் பின்னால் சீறி வந்துகொண்டிருந்தவன் உலகத்திலேயே முதலிடக்காரன். மஞ்சள் கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைத்தான். அவனுடைய மிகச் சிறந்த சுற்று பாழானது. யார் ஆட்டியது என்று கேமரா தேடியபோது, நாக்கைத் துருத்திக்கொண்டு, இரண்டு கையாலும் துணியைச் சுழற்றிக்கொண்டு அண்ணி நின்றாள். அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எவனோ ஒருவன் அதற்கு மேளச் சத்தமும் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான்.

ஊர் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டாள். பைக்கை விட்டு இறங்கிய சிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சொன்ன ஒரு வார்த்தைதான் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

"நீங்க வராமலே இருந்திருக்கலாம் அண்ணி..."

அவள் கையால் சோறு தின்று வளர்ந்த பிள்ளை அவன்.

நேற்றுச் சாயங்காலம் கணவர் அவளைப் பட்டறைக்குள் கூப்பிட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு ஸ்பானரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அணித் தலைவருங்களுக்கு ஒரு கூட்டம் வச்சாங்க. சுவத்துல நிக்கறவங்க கையில எந்தத் துணியும் இருக்கக் கூடாதுன்னு அங்கதான் சொன்னாங்களாம். நான்... கையெழுத்து மட்டும் போட்டுட்டு எழுந்து போயிட்டேன்."

"எங்க போனீங்க?"

"பக்கத்துல வெளிநாட்டு அணி பைக்கைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. வாழ்க்கையில ஒரு தடவை கிட்ட இருந்து பார்த்துடலாம்னு..."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நாளைக்கு நடுவருங்க விசாரிப்பாங்க. தலைவர் தப்புன்னா அணியையே தூக்கிடுவாங்க, சிட்டு ஓட முடியாது. தனி ஆளு தப்புன்னா அந்த ஆளை மட்டும் வெளியே அனுப்பிட்டு, சிட்டுவைக் கடைசி இடத்துல இருந்து ஓட விடுவாங்க. அதனால..."

"அதனால நான் தெரிஞ்சே பண்ணினேன்னு சொல்லணும்."

"நான் சொன்னேன், நீ கேக்கலைன்னு சொன்னா போதும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அவள் சரி என்றாள். கணவருக்காக அல்ல, சிட்டுவுக்காகச் சொன்னாள். பதினான்கு வயதில் ஓட்டை மொபெட்டில் தெருவைச் சுற்றியவன் இன்று உலக வீரர்களோடு ஒரே வரிசையில் நிற்கப் போகிறான். அதைத் தன் மானத்துக்காகக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் கணவர் 'மன்னிச்சிடு' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் ஸ்பானரை ஆணியில் மாட்டிவிட்டு ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

தேநீரைத் தொடாத அந்தக் காலையில்தான் விசாரணை பந்தயத் திடல் அலுவலகத்தின் மாடியில் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மொழிபெயர்க்க ஒரு பெண் இருந்தாள். ஒரு பக்கம் கணவரும் சிட்டுவும் நின்றார்கள். மூலையில் அந்த முதலிடக்காரனும் இருந்தான். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்துக் கூனிக் குறுகி உள்ளே போனாள். அவனோ எழுந்து, தன் நாற்காலியை அவளுக்குக் கொண்டுவந்து போட்டான். திட்டியிருந்தாலாவது தேவலை. பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

மொழிபெயர்த்த பெண் மெதுவாகக் கேட்டாள். "துணி காட்டக் கூடாதுன்னு உங்க அணித் தலைவர் உங்ககிட்ட சொன்னாரா அம்மா?"

அண்ணி கணவரைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாரு..."

"சொல்லியும் ஏன் செஞ்சீங்க?"

"நான்... நான் பெருசா எடுத்துக்கல. எனக்குத் தெரியாததா என்னங்கற திமிரு."

"விபத்து நடந்திருந்தா ஒரு உயிர் போயிருக்கும்னு நடுவர் சொல்றாரு. அது உங்களுக்குப் புரியுதான்னு கேக்கறாரு."

"புரியுது."

அவள் கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கொழுந்தனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள். வெளியேறும் வழி பைக் கொட்டகைகளை ஒட்டியே போயிற்று. அவள் தைத்துக் கொடுத்த உடைகளைப் போட்டுக்கொண்டு உள்ளூர்ப் பையன்கள் அங்கங்கே நின்றார்கள். வழக்கமாக 'அண்ணி!' என்று ஓடி வருபவர்கள் அன்று திடீரென்று வேலையில் மூழ்கினார்கள். நெட்டை குனிந்து, ஏற்கெனவே மாட்டியிருந்த பூட்ஸை மறுபடி மாட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"துரத்திட்டாங்களா?"

"ஆமா அத்தை."

"பிள்ளை ஓடுவான்ல?"

"ஓடுவான்."

"அது போதும். உன்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததுக்கு அந்தப் பிள்ளை தலையெழுத்தாவது தப்பிச்சுதே!"

அண்ணி சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். திரையில் பந்தய வரிசையை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் நெட்டை நின்றான். அவனுக்குப் பின்னால் சிட்டுவின் இடம் காலியாக இருந்தது. அவள் திரைக்கு அருகே நகர்ந்தாள்.

அப்போது வர்ணனையாளர் சொன்னார். "நேற்று தகுதிச் சுற்றில் நடந்த தவறு பற்றிய தீர்ப்பு மாற்றப்பட்டுள்ளது. விதிகளை விளக்கிய கூட்டத்திலிருந்து பாதியில் வெளியேறியதாகவும், தன் அணியினரிடம் எதுவும் சொல்லவில்லை என்றும் உள்ளூர் அணித் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த அணி பந்தயத்திலிருந்து விலக்கப்படுகிறது. சம்பந்தப்பட்ட பெண்மணி மீது எந்தத் தவறும் இல்லை என்று நடுவர்கள் அறிவித்துள்ளனர்."

மாமியார் திரும்பி மருமகளைப் பார்த்தாள். டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"உனக்கு... முன்னாடியே தெரியுமாடி?"

அண்ணி தலையாட்டினாள்.

"தெரிஞ்சுமா நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தே? அடிப்பாவி! ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? இப்போ நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு..." அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

பந்தயம் தொடங்கிச் சில சுற்றுகள் ஆகியிருக்கும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சிட்டு பந்தய உடையோடு உள்ளே வந்தான். பின்னாலேயே கணவர் படியேறினார். மாமியார் விருட்டென்று எழுந்து, பெரியவனை வாசலிலேயே மறித்தாள்.

"நீ அங்கயே நில்லு! அவ கூப்பிட்டாதான் உள்ள வரணும்."

"அம்மா, தெருவுல எல்லாரும் பார்க்கறாங்க..."

"நேத்து அவளை உலகமே பார்த்துச்சு. உன்னைத் தெருவாவது பார்க்கட்டும்!"

அண்ணிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. சிட்டுவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"யாருடா உன்னைக் கேட்டா? ஏன்டா இப்படிப் பண்ணினே! நான் அத்தனை பேர் முன்னாடி பொய் சொல்லி, தலை குனிஞ்சு வந்தது எதுக்கு? நீ ஓடணும்னுதானே... அதையும் கெடுத்துட்டியே!"

"நெட்டை வந்து கேட்டான் அண்ணி. 'அண்ணியாடா சொல்லியும் கேக்காம பண்ணினாங்க? கையுறை தைக்கும்போதே நம்ம விரலை அளந்து அளந்து பார்க்கறவங்களாச்சே'ன்னு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அண்ணன்கிட்ட போய் நின்னேன். அவரால என் மூஞ்சியைப் பார்த்துப் பேச முடியல. நான்தான் மறுபடி மாடிக்கு இழுத்துட்டுப் போனேன்."

"ஓடிட்டு வந்து கேட்டிருக்கலாம்ல..."

"ஓடியிருந்தா கடைசியா வந்திருப்பேன். அது நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. நீங்க அந்த ரூம்ல 'திமிரு'ன்னு சொன்னீங்களே... அதைக் கேட்டுட்டு எப்படி அண்ணி வண்டியில ஏறி உக்காருவேன்? நேத்து நான் வேற... 'வராமலே இருந்திருக்கலாம்'னு..." அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, சின்ன வயதில் அடிபட்டு வந்து அழுததுபோலவே ஏங்கி ஏங்கி அழுதான். அவள் அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள். மாமியார் வந்து அவள் முதுகைத் தடவினாள்.

அதன்பின் மூன்று பேரும் சேர்ந்து பந்தயம் பார்த்தார்கள். எல்லோரும் நெட்டையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். இருந்தும் அவன் ஒவ்வொரு வளைவை முடிக்கும்போதும் மாமியார் "விடாதடா, ஓட்டு, ஓட்டு!" என்று கத்தினாள். கணவர் நிலைப்படிக்கு வெளியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் வேலி ஓரம் வந்து நின்று, என்ன ஏது என்று கேட்டார். அவரும் போகாமல் நின்றார்.

நெட்டை கடைசியாக வந்தாலும் விழாமல் வந்து சேர்ந்தான். சிட்டு கைதட்டினான். தட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டதை அண்ணி பார்த்தாள். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"காலு வலிக்குதா?"

"இல்ல..."

"நீங்க என்ன பண்ணினீங்கன்னு நடுவர்கிட்ட சொல்லிட்டீங்க. டிவியிலயும் சொல்லிட்டாங்க. என்கிட்ட இன்னும் சொல்லல."

"அதான்... கூட்டத்துல உக்காராம போனது என் தப்பு. உனக்குத்தான் தெரியுமே..."

"அது நடுவருக்குச் செஞ்ச தப்பு. எனக்குச் செஞ்சதைச் சொல்லுங்க."

அவர் எதிர்வீட்டைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பட்டறையில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர் அன்று முணுமுணுத்தார்.

"அந்த ரூம்ல... நீ என்னை ஒரு தடவை பார்த்தே. நீ பார்த்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் தரையைப் பார்த்தேன்." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "என்னை மன்னிச்சிடு. உன் முன்னாடி நிக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

எதிர்வீட்டுக்காரர் சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அவர் தரையைப் பார்ப்பாரோ என்றுதான் பார்த்தாள். அவருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை.

அவள் கதவை விட்டு விலகி வழிவிட்டாள்.

"உள்ள வாங்க."