சம்பந்திகளுக்கு ஒரு ஜாகை

ஆவுடையப்பன் டம்ளரை உயரத் தூக்கி, டவராவை அதற்கு நேர் கீழே பிடிக்காமல் மூன்று விரற்கடை தள்ளிப் பிடித்துக் காப்பியை ஆற்றினார். காப்பி வில்லாக வளைந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் டவராவுக்குள் போய் விழுந்தது. அரைப்பேட்டையில் சின்னக் குழந்தைகூட அப்படித்தான் ஆற்றும். காப்பி சரியாகத்தான் விழுந்தது. அவர் மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. மகள் நிறைமதிக்குக் கல்யாணம். பூமியிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரை எந்தப் பேட்டையில் தங்கவைப்பது?

வளையூரில் இது சாதாரணக் கேள்வி அல்ல. அந்த ஊரே வானத்தில் சுழலும் ஒரு பெரிய ராட்டினம். தண்ணீர் வாளியை வேகமாகச் சுழற்றினால், அது தலைகீழாக வரும்போதும் தண்ணீர் கொட்டுவதில்லை அல்லவா? வாளியின் அடியில் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போலவே வளையூர் மக்கள் தங்கள் ஊரின் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நடு அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக எடை கூடும். அச்சை நெருங்க நெருங்கக் குறையும். வெளி விளிம்பில் இருப்பது முழுப்பேட்டை. அங்கே பூமியில் உள்ள அதே எடை. அதற்கு மேல் ஒன்றுக்குள் ஒன்றாக முக்கால்பேட்டை, அரைப்பேட்டை, கால்பேட்டை. அச்சை ஒட்டி வீசம்பேட்டை. அங்கே தும்மினால் எதிர்ச்சுவரில் போய்த்தான் நிற்க வேண்டும். ஊர் சுழல்வதால்தான் ஊற்றுகிற எதுவும் நேராக விழாமல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. உள்ளே போகப் போக எடை குறைவதால் நிதானமாக விழும். நிதானமாக விழ விழ இன்னும் கூடுதலாக ஒதுங்கும்.

"முழுப்பேட்டையில போட்டா என்னங்க?" என்றாள் அவர் மனைவி காந்திமதி. "பெரியாளுகளுக்குத் தலை சுத்தாது."

"பூமி மாதிரி இருக்கவா இம்புட்டு தூரம் வந்தோம்னு கேப்பாக. அதுபோக, அந்தத் தரைக்கு அடியிலதான் கழிவுத்தண்ணி ஆலை இருக்கு. 'எங்களைக் கக்கூசு மேல படுக்க வச்சான்'னு கைலாசம் அண்ணாச்சி சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருப்பாரு."

"அப்ப வீசம்பேட்டை?"

"வேட்டி நிக்காது."

கைலாசம் என்பவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. கல்யாண ஜாகைகளில் குறை கண்டுபிடிப்பதில் தென்காசிச் சீமையில் அவருக்கு நிகர் கிடையாது. ஒரு கல்யாணத்தில் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று, வந்த வேனைத் திருப்பிக்கொண்டு பாதி தூரம் போனவர். காலைச் சாப்பாட்டில் கைவைக்காமல் நிறைமதி சொன்னாள்: "அப்பா, அவங்க பெரியப்பா தலையாட்டலேன்னா அவங்க அப்பா தாலித் தட்டையே தொட மாட்டாராம். இசக்கிராஜா சொல்லுதான். நீங்கதான் பாத்து ஏதாவது செய்யணும்."

மாப்பிள்ளை இசக்கிராஜாவும் நிறைமதியும் ஊரின் சுழற்சியைக் கண்காணிக்கும் நிலையத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். எத்தனையோ நாள் பேசிப் பேசி இரண்டு குடும்பத்தையும் இணங்க வைத்திருந்தார்கள். அது ஒரு டம்ளர் ஆறிய காப்பியில் கவிழ்ந்துவிடக் கூடாது.

ஆவுடையப்பன் பேட்டை பேட்டையாக ஏறி இறங்கிப் பார்த்து, கடைசியில் முக்கால்பேட்டையில் பூங்காற்று விடுதியைப் பிடித்தார். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த எடை சுகம். பக்கத்தில் பூங்கா, நடக்கும் தூரத்தில் மண்டபம். அதைவிடப் பெரிய விஷயம், விடுதியை நடத்தும் இயந்திரமூளை. அதற்கு உபசாரி என்று பெயர்.

"குறை என்பது வாயில் பேச்சாக வருவதற்கு முன்பு, புருவ நடுவில் ஒரு சின்னச் சுருக்கமாக வரும்," என்று உபசாரி சுவரிலிருந்து விளக்கியது. "அறையெங்கும் கடுகளவு சுளிப்புணரிகள் வைத்திருக்கிறேன். அவை அந்தச் சுருக்கத்தைப் பார்த்துவிடும். எதைப் பார்த்துச் சுளித்தார், எதைத் தொட்டுச் சுளித்தார் என்று கணித்து, விருந்தினர் வாய் திறப்பதற்குள் சரிசெய்துவிடுவேன். இதுவரை இங்கே ஒருவரும் குறை சொன்னதில்லை."

ஆவுடையப்பனுக்கு அந்தச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எதற்கும் தயாராகக் கைலாசத்தின் அறைக்குப் போனார்.

"எல்லாம் வசதியா இருக்கா அண்ணாச்சி?"

கைலாசம் ஒரு வாய் காப்பி குடித்தார். "இந்தக் காப்பி..." என்று தொடங்கினார். டம்ளர் தானாகச் சூடேறியது. "இந்த வெளிச்சம்..." என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். திரை பாதி இறங்கியது. தலையணையை அழுத்திப் பார்த்தார். அது அவர் கழுத்துக்கேற்ப மெலிந்தது. இன்னும் ஒருமுறை வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

அது திருப்தி என்று நினைத்து ஆவுடையப்பன் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிந்ததும் நிறைமதி அழாத குறையாக வந்து நின்றாள். "அப்பா, அவங்க பெட்டி கட்டுதாங்களாம்!"

ஆவுடையப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். கைலாசம் கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, என்ன குறைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"அதாம்வே குறை! சொல்ல ஒண்ணும் இல்லை!" கைலாசம் பெட்டியைத் தட்டினார். "எத்தனை கல்யாணம் பாத்திருக்கேன். ஒருத்தனாவது என்னை இப்படி வாயடைச்சு உக்கார வச்சிருக்கானா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒண்ணு சொல்லணும், பொண்ணு வீட்டுக்காரன் மூச்சு வாங்க ஓடியாரணும், 'மன்னிச்சிரணும் அண்ணாச்சி'ங்கணும். அதுலதானவே ஒருத்தன் கொணம் இன்னொருத்தனுக்குத் தெரியும்? உம்ம மூஞ்சிய நேத்து ஒருக்க பாத்ததோட சரி. எங்களைக் கவனிக்கிறது பூரா இந்தச் செவுருதான். அப்ப எங்க பையன் என்ன, இந்தச் செவுத்துக்கா மாப்பிள்ளை?"

பின்னால் நின்ற அத்தைமார்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ஆவுடையப்பன் தாழ்வாரத்துக்கு வந்து சுவரோடு மன்றாடினார். "ஐயா உபசாரி, ஒரே ஒரு குழாயை மட்டும் ஒழுக விடேன்."

"மன்னிக்கவும். ஒழுகும் குழாயைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. என்னை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்."

ஆவுடையப்பன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், "அண்ணாச்சி, உங்களுக்கு வேற ஜாகை பாத்திருக்கேன்" என்றார். உண்மையில் அப்போதுதான் பார்த்தார், மனசுக்குள்.

கால்பேட்டையில், மின்தூக்கிக் கொட்டகையை ஒட்டி, ஒரு பழைய லாட்ஜ் இருந்தது. அதில் சுளிப்புணரியும் கிடையாது. சுளிப்பதைப் பொருட்படுத்தும் முதலாளியும் கிடையாது. மின்தூக்கி போகும்போதெல்லாம் கட்டில் நடுங்கும். குளியலறையில் மொண்டு ஊற்றிய தண்ணீர் அவசரமில்லாமல் யோசித்து யோசித்து இறங்கும். பூமிக்கார நடைக்கு அந்த எடை பழகாது. கைலாசம் வாசற்படியில் ஓர் எட்டு வைத்தார். மேலே எழும்பி நிலைப்படியில் தலை இடித்தது.

"கூரையை ஏம்வே இம்புட்டுத் தாழ வச்சிருக்கான்?" என்று கத்தினார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

அடுத்தது காப்பி. வழக்கம்போல டவராவை நேர் கீழே பிடித்து ஆற்றினார். காப்பி வளைந்து அவருடைய வெள்ளை வேட்டியில் போய் நின்றது.

"சம்பந்தீ!"

ஆவுடையப்பன் ஓடினார். கால்பேட்டையில் ஓடுவது என்பது தவளைபோலத் தாவுவது. தாவியபின் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்படித் தாவித் தாவி, மூச்சு வாங்க, கைலாசத்தின் காலடியிலேயே வந்து விழுந்தார்.

"மன்னிச்சிரணும் அண்ணாச்சி!"

"இதுக்கா எங்களைப் பூமியில இருந்து வரவழைச்சீரு? வேட்டியப் பாரும்!"

"வேற வேட்டி கொண்டாரேன் அண்ணாச்சி."

"வெந்நி எங்க வே? தண்ணி மேல விழுறதுக்குள்ள ஆறிப்போகுது!"

"இப்பவே பாக்கேன் அண்ணாச்சி."

அதற்குள் அத்தைமார் ஆளுக்கொரு குறையோடு கூடிவிட்டார்கள். ஒருத்திக்குக் கண்ணாடி கோணல். இன்னொருத்திக்கு, எடை குறைந்ததில் ரத்தம் தலைக்கேறி, முகம் பணியாரமாக உப்பியிருந்தது. கைலாசம் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தீர விசாரித்து, ஆவுடையப்பனை அங்குமிங்கும் தாவவிட்டார். இடையில், "உக்காரும்வே, எளைக்குது உமக்கு, ஒரு வாய் தண்ணி குடியும்" என்றும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதிலிருந்து அப்போதுதான் முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் முகூர்த்தத்தில் கைலாசம் தலையாட்டினார். அவர் தம்பி தாலித் தட்டை எடுத்துக் கொடுத்தார். நிறைமதி கழுத்தில் மூன்று முடிச்சும் விழுந்தன. விடைபெறும்போது கைலாசம் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "சம்பந்தி தங்கமான மனுசன். ஜாகைதான் படுமோசம்."

கல்யாணம் முடிந்து கணக்கு முடிக்கப் போனபோது, உபசாரி கவலையான குரலில் கேட்டது. "நான் எங்கே தவறினேன்?"

ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். குறை ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும். பெண்ணின் அப்பா ஓடி வந்தால் தீரக்கூடியதாக இருக்க வேண்டும். ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று தலைகாட்ட வேண்டும். உபசாரி கவனமாகக் கேட்டுக்கொண்டது. தன்னால் குறை வைக்க முடியாதே என்று தொடங்கியது. பிறகு, குறையில்லாததே குறை என்றால் அதையும் தீர்க்கத்தானே வேண்டும் என்று தானே முடிவுக்கு வந்தது.

அடுத்த முகூர்த்த மாதத்தில் பூங்காற்று விடுதியில் "சம்பந்தி மாடி" திறந்தார்கள். ஆலோசகர் ஆவுடையப்பன். உதைத்தால்தான் திறக்கும் கதவு அவருடைய யோசனை. குழாய் எந்த இடைவெளியில் சொட்டினால் எரிச்சல் வரும் என்று காது வைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. முக்கால்பேட்டையில் அந்த மாடியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பானது.

சில வருடங்கள் கழித்து அவருடைய இளைய மகனுக்குக் கல்யாணம் கூடியது. பெண் வீட்டாரும் வளையூர்க்காரர்கள்தான். முறைப்படி மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜாகை போட்டார்கள். எங்கே? சம்பந்தி மாடியில்.

ஆவுடையப்பன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு சிரித்தபடி உள்ளே வந்தார். "காந்திமதி, இந்தச் சொட்டு கேக்குதா? நான் வச்சது. பாவம், பொண்ணு வீட்டுக்காரரு, என்னைக்கூட இங்கயா கொண்டாந்து போடணும்?"

காப்பி வந்தது. டவராவை முறையாகத் தள்ளிப் பிடித்து ஆற்றி, ஒரு வாய் குடித்தார். ஆறியிருந்தது. எவ்வளவு ஆறியிருக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்திருந்தாரோ, அச்சாக அவ்வளவு. இன்னொரு வாய் குடித்தார். சுவரில் சுளிப்புணரியின் கடுகளவுக் கண் அவரைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், மரியாதையாகக் காத்திருந்தது.

"ஏங்க, என்னமோ மாதிரி இருக்கீங்க?" என்றாள் காந்திமதி.

அவர் டம்ளரை ஓசை கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"நம்மள இங்க கொண்டாந்து போட்டுட்டு, பொண்ணோட அப்பா ஆளையே காணோமே? மாப்பிள்ளை வீட்டுக்காரன்னு ஒரு மட்டுமரியாதை வேண்டாமா?"

வெளியே தாழ்வாரத்தில் யாரோ மூச்சு வாங்க ஓடி வரும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.