அறுபது நாள் செபஸ்தியான்

"என்னங்க... ஐயோ, இங்க ஓடியாங்க!"

அலறல்!

கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்த்தது.

நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். திண்டுக்கல்லின் கத்தோலிக்கக் குடும்பங்கள் செவ்வந்திப் பூவும் மெழுகுவத்தியுமாய்த் தத்தம் கல்லறைகளின் முன் நின்றிருந்தன.

அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்த பிரிஸ்கில்லா, அடுத்த வரிசைக் கல்லின் முன்னால் வெலவெலத்து நின்றாள்.

கணவன் ஜெரின் தீப்பெட்டியோடு ஓடி வந்தான்.

"என்ன பிரிசி? பாம்பா?"

"பாம்பா இருந்தாத் தேவலையே! இதப் படிங்க."

படித்தான்.

'சூ. செபஸ்தியான், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மறைவு: 2021.'

"நமக்கு வீடு விக்கிறாரே... அவரு பேரு!"

"ஒரே பேருல பத்துப் பேரு இருப்பாங்க பிரிசி..."

"பத்துப் பேரும் ஹெட்மாஸ்டரா?"

கல்லில் பதித்த போட்டோவில் பளபளக்கும் வழுக்கை. வீடு விற்கும் செபஸ்தியானுக்கோ காடாய் முடி!

"யாரு தாயி நீங்க? எங்க வீட்டுக்காரரத் தெரியுமா?"

பூக்கூடையோடு வந்து நின்றாள் ஒரு வயதான பெண். இஞ்ஞாசியம்மாள். செபஸ்தியானின் மனைவி. திருச்சியில் மகள் வீட்டில் வாசம். வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் பஸ் ஏறி வருவாள்.

ஜெரின் அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மா... சின்னாளப்பட்டி ரோட்டுல ஒங்களுக்கு வீடு இருக்கா? பச்சை கேட்டு?"

"இருக்கு அப்பு. பூட்டிக் கெடக்கு."

"பூட்டிக் கெடக்கலம்மா. ஒங்க வீட்டுக்காரரு அங்க உக்காந்து எங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்தாரு!"

பூக்கூடை விழுந்தது.

இன்று ஐம்பத்தெட்டாவது நாள்.

அறுபது நாளுக்குள் பத்திரம் முடிக்க வேண்டும். தவறினால் அட்வான்ஸ் திரும்பாது. அக்ரிமெண்ட் அப்படித்தான் சொன்னது. அட்வான்ஸாகக் கொடுத்தது பிரிஸ்கில்லாவின் கல்யாண நகை அத்தனையும்!

முதல் வீடு. ஒரே மாதத்தில் லோன் வந்துவிடும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வங்கி சம்பளச் சீட்டு கேட்டது. கொடுத்தார்கள். மறுபடி கேட்டது. மறுபடி கொடுத்தார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி ஜெரின் பெயர். அந்த ஓர் எழுத்துக்குப் பதினோரு நாள்!

ஜெரின் லோன் ஆபீசரை அழைத்தான்.

"ஆனந்த்ராஜ் சார்... எங்க பைலு..."

"புராசஸ்ல இருக்கு சார்."

"சார், வீட்டை விக்கிறவரு செத்துட்டாரு!"

"அடடா... அப்ப வாரிசு சர்டிபிகேட் வேணுமே சார்."

"செத்து நாலஞ்சு வருசம் ஆச்சு சார்!"

"அப்பப் பழைய தேதி போட்டே வாங்கிருங்க. ஈசிதான்."

கட்!

இன்ஸ்பெக்டர் கிதர் முகம்மதுவோடு ஜீப் பச்சை கேட் முன்னால் நின்றபோது மணி ஐந்து.

பிரிஸ்கில்லா கதவைத் தட்டினாள்.

திறந்தது. பனியன், லுங்கி, காடாய் முடி.

"பிரைஸ் த லார்டு! வாங்க வாங்க, லோனு வந்துருச்சா..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முதுகுக்குப் பின்னால் இஞ்ஞாசியம்மாள்!

"ஏலே கருப்பணா! தென்னைக்குத் தண்ணி ஊத்தத்தானலே ஒங்கிட்ட சாவியக் குடுத்தேன்? எம் புருசனாகவாடா சொன்னேன்?"

கருப்பணன் பின்வாசலுக்குப் பாய்ந்தான்.

அங்கே ஏட்டு!

செத்தவர் பெயரைத் திருடியவன் ஒன்றை மறந்திருந்தான். வருஷத்தில் ஒரு நாள், கல்லறையில் எழுதியிருப்பதை ஊரே நின்று படிக்கும்!

ஸ்டேஷன்.

"நாளைக்கு லோன் வந்துட்டா ரிஜிஸ்டர் ஆபீசுல மாட்டியிருப்பியேடா. பயமில்ல?"

கருப்பணன் தலையைச் சொறிந்தான்.

"நான் எதுக்கு சார் அங்க போறேன்? மொத வீடு வாங்குறவங்களாப் பாத்துத்தான் புடிப்பேன். அவங்கதான் ஒரு மாசத்துல லோனு வரும்னு நம்புவாங்க. அறுபது நாள் கெடு போடுவேன். எந்த பேங்க்கு சார் அறுபது நாளுல குடுத்துருக்கு? கெடு தாண்டுனா அட்வான்ஸ் எனக்கு. அவங்களே 'எங்க தப்புதான்'னு அழுதுட்டுப் போயிருவாங்க."

பிரிஸ்கில்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை பேருடா?"

"இவங்க மூணாவது சார்."

"எங்க நகை?"

"கரைஞ்சுருச்சும்மா."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"அழாதம்மா. ஆள்மாறாட்டம், மோசடி. உள்ள தள்ளிர்றேன். இவன் கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்ட் ஒரிஜினலக் குடுங்க."

ஜெரின் விழித்தான்.

"அது... பேங்க்ல சார். லோன் பைல்ல இருக்கு. எங்ககிட்ட ஜெராக்ஸ்தான்..."

"ஜெராக்ஸ வெச்சுக் கையெழுத்து டெஸ்ட் பண்ண முடியாதேப்பா!"

"வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு புடிங்க சார்!" என்றாள் பிரிஸ்கில்லா.

"சாவிய இந்தம்மாதான குடுத்துருக்காக? பூட்டையா ஒடச்சான்? இப்ப நம்மகிட்ட வாக்குமூலம் குடுக்குறவன், கோர்ட்ல போயி 'நான் யாரு, இவங்க யாரு'ன்னு கேப்பான். ஒரிஜினல் வந்தாத்தான் கேசு நிக்கும்."

போன். ஸ்பீக்கர்.

"ஆனந்த்ராஜ் சார், எங்க அக்ரிமெண்ட்டத் திருப்பித் தாங்க சார். போலீஸ் கேக்குது!"

"தரலாம் சார். முதல்ல லோன கேன்சல் பண்ணணும்."

"பண்ணுங்க சார்! இப்பவே பண்ணுங்க!"

"கேன்சல் பண்ண ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வேணும் சார்."

"எத்தனை நாளு சார் ஆகும்?"

பேப்பர் புரளும் சத்தம்.

"ஒரு... அறுபது நாள்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மெல்ல மூடினார்.

கருப்பணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"அப்ப நான் போயி தென்னைக்குத் தண்ணி ஊத்துறேன் சார். அப்ரூவல் வந்ததும் ஒரு போன் போடுங்க... ஓடியாரேன்!"