கரைகிற ஸ்க்ரூ

செவந்தியின் வலது கணுக்காலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. திறந்த சோடா பாட்டிலைக் காதருகே பிடித்தால் கேட்குமே, அந்த மாதிரி மெல்லிய பொருபொருப்பு. பகல் இரண்டு மணி, மீமிசல் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, கடல்காற்றில் காய்கிற மீனின் நெடி சன்னல் வழியாக வந்து அறையில் தேங்கிக் கிடந்தது. ஃபேனை நிறுத்திப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை.

கருவாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து ஐந்து வாரம் ஆகிறது. உடைந்த எலும்பை மெக்னீசியத்தில் செய்த ஸ்க்ரூவால் டாக்டர் பூட்டியிருந்தார்.

"எலும்பு கூடக் கூட அது தானாக் கரைஞ்சிரும்மா. மறு ஆபரேஷன் வேண்டாம். ஒரு வருசம் ஆகும். கரையறப்ப உள்ள கொஞ்சம் காத்து கட்டும், பயப்படாதீங்க."

இதில் 'கரைஞ்சிரும்' என்பது மட்டும்தான் செவந்தியின் மனதில் நின்றது. கரைந்துவிட்டால் கால் சரியாகிவிட்டது என்று கணக்குப் போட்டாள். சரியானால் வேலைக்குப் போகலாம். தாமதமானால் கொட்டகையில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். உப்புத் தொட்டியில் விழுந்த ஆணி எப்படி இற்றுப்போகும் என்று பதினாறு வருடமாகப் பார்த்தவள் அவள். ஆகவே நான்கு நாளாக, தையல் பிரித்த இடம் இன்னும் மூடாத அந்தக் காலை, கருவாட்டு உப்பு கரைத்த வாளியில் தினம் ஒரு மணி நேரம் ஊறவைத்தாள்.

"மீனு பத்தலைன்னு ஒங்க காலையும் ஊறப் போட்டுட்டீங்களா மதினி?" என்று நேற்றுகூட நாத்தனார் வனிதா சிரித்தாள்.

"போடி. சீக்கிரம் கரைஞ்சா சீக்கிரம் வேலைக்கு வாரேன்."

இன்று செவந்தி கணுக்காலை விரலால் அழுத்தினாள். தோலுக்கடியில், துணியில் சுற்றிய அப்பளம் போல நொறுங்கியது. வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது. போனை எடுத்தாள்.

"ஆட்டோ புடிச்சிட்டு வாரேன் மதினி. காலை ஊனாதீங்க" என்றாள் வனிதா.

உப்பைக் கழுவிவிட்டால் நின்றுவிடும் என்று தோன்றியது. வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் காலை இறக்கினாள். தையல் பிரித்த இடத்திலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு வரிசையாக. பிறகு நகக்கண்களிலிருந்தும்.

உள்ளே டக்கென்று ஏதோ விண்டது.

தண்ணீர் அசைந்தது. விரல்களும் கூடவே அசைந்தன. பாசி போல. அவள் அசைக்கவில்லை.

சத்தம் நின்றது.

செவந்தி மூச்சை அடக்கிக் கேட்டாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"மதினி, வந்துட்டேன்!"

மறுபடி சத்தம். வாளியிலிருந்து அல்ல.

இடது கால் வெறும் தரையில் இருந்தது. உடையாத கால். ஸ்க்ரூ இல்லாத கால். அதன் கட்டைவிரல் மெல்ல மெல்ல, எலும்பே இல்லாததுபோல், சிமெண்டுத் தரையோடு படிந்துகொண்டிருந்தது.