ஏழாவது கடவம்

கிறிஸ்மஸ் குடிலில் நெல் விதைத்த நாலாம் நாள் காலையில் தண்ணீர் தெளிக்கப் போன ஜான்ரோஸ், முளைத்திருந்ததை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான். இளநாற்றைத் தடவினால் நுனி குத்தும். கையை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். இது குத்தவில்லை. கை போன பக்கமே படுத்துக் கிடந்தது.

குடில் முழுக்க அப்படி இல்லை. கோயிலுக்குத் தெற்கே ஓலைச் சாய்ப்பின் கீழ், மூன்று பாய் அகலத்துக்கு அவன் மண் பரப்பியிருந்தான். அதில் ஆறு பங்கு பச்சையாய், முள்ளுமுள்ளாய் எழும்பியிருந்தது. மாட்டுக்கொட்டிலுக்கு முன்னால், வெள்ளைக்காரச் சாமியாரின் மரப்பொம்மைக் கடைவீதி நின்ற ஏழாவது பங்கில் மட்டும் வெளிறிப்போய், ஈரமாய், ஒரு விரற்கடை நீளத்துக்கு ஏதோ வந்திருந்தது. வெயில் படாத முளை வெளுத்துத்தான் போகும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனாலும் கையை வேட்டியில் மூன்று தரம் துடைத்தான்.

அந்த ஏழாவது பங்கு மண் எங்கிருந்து வந்தது என்று அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

கல் சுமப்பது, கிணறு தோண்டுவது, மதிலுக்குச் சாந்து குழைப்பது என்று பன்னிரண்டு வயதிலிருந்து முதுகை வைத்துப் பிழைக்கிறவன் அவன். மனைவி சகாயசெல்விக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் மூச்சில்லாமல் பிறந்தவை. நாலாவது வயிற்றில் தங்கியதும் அவன் ஒரு நேர்ச்சை நேர்ந்தான். கடற்கரையில் மணல்தான் உண்டு, குடிலுக்குப் புல் முளைக்க வயல்மண் வேண்டும். நாலு மைல் தள்ளியிருக்கும் வயலில் இருந்து ஏழு கடவம் மண்ணை, வழியில் எங்கும் இறக்கிவைக்காமல், தலைச்சுமையாய்க் கொண்டுவருவேன். பிள்ளை உயிரோடு வரவேண்டும். கடவம் என்பது சின்னப் பெட்டி இல்லை. பனையோலையில் முடைந்தது, தலையில் ஏற்றிவிட இரண்டு ஆள் வேண்டும். ஆறு சுமந்தான். ஏழாவதற்குப் போகவேண்டிய அன்று இடுப்பு நிமிரவில்லை.

அன்றைக்குத்தான் அந்த மரப்பெட்டி வந்தது. பெல்ஜியத்தில் இருந்து கப்பலில் கொச்சிக்கும், அங்கிருந்து குழித்துறைக்கும் வந்து, கடைசியில் மாட்டுவண்டியில் கோயில் வாசலில் இறங்கியது. சாமியாரின் அக்காள் அனுப்பியது. ஜான்ரோஸ்தான் மூடியைப் பெயர்த்தான். உள்ளே கறுத்த மண். மண்ணுக்குள் சாணளவு மரக்கடைகள், விரலளவு மனிதர்கள். சாமியார் ஒவ்வொன்றாய் ஊதித் துடைத்துக் காட்டினார். அவர் ஊரில் டிசம்பர் பிறந்தால் கோயில் முற்றத்தில் இப்படிக் கடை போடுவார்களாம். பனி கொட்டுமாம். ஒரு கடையில் கொட்டைகளைக் கரியில் வாட்டுவார்களாம், அடுத்ததில் பன்றிக்கொழுப்பில் இறைச்சி பொரியுமாம், அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே குழந்தைகள் ஓடிவருமாம். அஞ்சு வருஷத்துக்கு முன்னால், யுத்தத்துக்கு நடுவிலும் கடை போட்டிருந்த ஒரு கிறிஸ்மஸ் நாளில், முற்றம் நிறைய ஆள் நிற்கும்போது விமானங்கள் வந்தன. ஒரு நாழிகைதான். யாரையும் முழுதாய் எடுக்க முடியவில்லையாம். அக்காள் இடிபாட்டைத் தோண்டிப் பொம்மைகளை எடுத்து, உடையாமல் இருக்க அங்கே கிடந்த மண்ணையே அணைகொடுத்து அனுப்பியிருந்தாள்.

"இது மண் மாத்திரம் இல்லை, ஜான்ரோஸ்," என்றார் சாமியார். "கல்லறைத் தோட்டத்தில், சிலுவையடியில் புதைத்துவிடு."

சரி சாமி என்றான். புதைக்கவில்லை. கறுத்த மண், கொழுத்த மண், கைக்கெட்டும் தூரத்தில். ஒரு கடவம் அளவுக்குக் குடிலில் கொட்டினான். மிச்சத்தை ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் அள்ளி, பிறகு புதைத்துக்கொள்ளலாம் என்று, கோயிலில் யார் கண்ணிலும் படாதபடி, வீட்டு அடுக்களை மூலையில் வைத்தான். ஏழும் ஆயிற்று என்று செல்வியிடம் சொன்னபோது அவள் வயிற்றைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அஞ்சாம் நாள் சாய்ப்புக்குள் நுழைந்ததும் மணம் வந்தது. கொழுப்பு பொரிகிற மணம், கரியில் எதையோ வாட்டுகிற மணம். காலையில் பழங்கஞ்சி மட்டும் குடித்திருந்த அவன் வாயில் எச்சில் ஊறி நிறைந்தது. விழுங்கினான். இன்னொரு தரம் மூச்சை இழுத்தபோதுதான் அடியில் கிடந்தது தெரிந்தது. ஆட்டுத்தலையைத் தீயில் வாட்டும்போது ரோமம் பொசுங்குமே, அந்த வீச்சம். கடற்கரைப் பக்கம் ஓடி, மணலில் குனிந்து, கஞ்சி முழுக்கக் கக்கினான்.

ஏழாம் நாள் அது சாணளவு வளர்ந்திருந்தது. பொம்மைக் கடைகளின் கூரையைத் தாண்டிச் சரிந்து, கொட்டை வாட்டுகிற மரப்பெண்ணின் இடுப்பில் சுற்றிக் கிடந்தது. திட்டுத்திட்டாய் நிறம் வேறுவேறு. ஒன்று கோதுமை நிறம், ஒன்று செம்பட்டை, ஒன்று நரை. ஒவ்வொரு திட்டுக்கும் நடுவில், வைத்து வரைந்ததுபோல, ஒரு சுழி. பிள்ளைகளின் உச்சந்தலையில் இருக்குமே, அந்தச் சுழி.

கண்பார்வை மங்கிய சாமியார் அந்த நேரம் பார்த்து வந்தார். குனிந்து, கோதுமை நிறத் திட்டை மெல்லத் தடவினார். எங்கள் ஊர்ப் பயிர் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கையை எடுக்க மனமில்லாமல் தடவிக்கொண்டே நின்றார். உண்மையைச் சொல்ல ஜான்ரோஸ் வாயைத் திறந்தான். நேர்ச்சையில் திருடினவன் என்று தெரிந்தால்? பிள்ளை? வாயை மூடிக்கொண்டான்.

அவர் போனதும் கத்தரியை எடுத்துக் கத்தரித்தான். வெட்டினது விரலில் ஒட்டியது, கையிடுக்கில் ஒட்டியது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினான். மத்தியானம் சோற்றை விழுங்கும்போது தொண்டையில் ஏதோ தடுத்தது. விரலை விட்டு இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழ நீளத்தில் ஒற்றை இழை.

"எனக்க முடியிண்ணு சண்டைக்கு வராதிய," என்றாள் செல்வி. நுனியைப் பிடித்து வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். "மஞ்சளா இருக்கு. எந்த வெள்ளக்கார மதாம்மைக்க மடியில போயித் தலைவெச்சிய?"

அவள் சிரித்துக்கொண்டே அவன் தோளில் மூக்கை வைத்தாள். சிரிப்பு நின்றது. திரும்பவும் மோந்தாள், நீளமாய். "வறுத்த மணம்," என்றாள். "இப்பம் கொஞ்ச நாளா எனக்கு அதே நெனப்புதான்."

அவன் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

கத்தரிக்கக் கத்தரிக்க அது மறுநாள் சாணாகி நின்றது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், கிழக்கு வெளுக்கும்போது, அவன் கடவத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு நடந்தான். வண்டலை அள்ளி நிறைத்து, வழிப்போக்கர் இரண்டு பேரை ஏற்றிவிடச் சொல்லி, நாலு மைலும் இறக்கிவைக்காமல் வந்தான். இடுப்பில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாய்க் கத்தியது. கத்தட்டும் என்று நடந்தான். பிள்ளைக்காக நேர்ந்ததைக் கொடுத்தாகிவிட்டது.

பிறகு ஏழாவது பங்கில் மண்வெட்டியை இறக்கினான். மண் உடையவில்லை. பாய்போலத் தூக்கிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. வெதுவெதுப்பாய் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாக்கில் சுருட்டினான், சிலுவையடியில் இடுப்பாழம் தோண்டிப் புதைத்தான். புது மண்ணைப் பரப்பி, மரக்கடைகளை மறுபடி நிறுத்தினான். மணம் இல்லை. கடல்காற்று மட்டும். முழங்காலை மடக்கி முட்டுக்குத்தி அழுதான்.

மிச்சமண் வீட்டில் இருப்பது அப்போதுதான் நினைவு வந்தது.

வீட்டில் செல்விக்கு நோவு கண்டிருந்தது. மருத்துவச்சி பேபி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் அடுக்களை மூலைக்குப் போனான். ஓலைப்பெட்டி இருந்தது. அடியில் நகக்கீறல் மட்டும் இருந்தது.

"இதில இருந்த மண்ணு எங்கட்டி?"

செல்வி பாயில் கிடந்தபடி அவனைப் பார்த்தாள். உதட்டோரம் கறுப்பு.

"வாய் கேட்டுது," என்றாள். "மாசமா இருக்கப்பட்டவ மண்ணு திங்கியது ஊர்ல இல்லாததா? நல்ல மணம் மக்கா. வறுத்தது மாதிரி."

பேபி அவனை வெளியே போகச் சொன்னாள். வாசலில் நின்றான். பூசைக்கு வரும் சனங்களுக்கு முதல் மணி அடித்தது. வெயில் இறங்கியது. உள்ளே முனகல். பிறகு ஒரு அழுகை.

மூன்று பிள்ளைகளிடம் அவன் கேட்காத சத்தம்.

ஓடினான். பேபி பிள்ளையை அவன் பக்கம் நீட்டினாள். துணியை விலக்கினாள்.

உயிர் இருந்தது. கைகாலை அசைத்தது. நல்ல எடை. தலை நிறைய முடி. ஒரு பக்கம் கோதுமை நிறம். பிடரியில் செம்பட்டை. காதோரம் நரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழி.

"உயிரோட இருக்கா?" செல்வி கேட்டாள். "சொல்லுங்க. இருக்கா?"

"இருக்கு," என்றான்.

அழுகை அமுங்கியது. பேபி குழந்தையின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டாள். ஒரு நுனி அகப்பட்டது. இழுத்தாள். ஒரு முழம் வந்தது. இன்னும் இழுத்தாள்.

அடுப்பு அணைந்திருந்தது. ஆனாலும் கொழுப்பு பொரிகிற மணம். அந்தச் சின்ன வாய்க்குள் இருந்து.

பேபி இழுத்துக்கொண்டே இருந்தாள். ஜான்ரோஸின் வாயில் எச்சில் ஊறியது.