ஸ்ரீவத்ஸனின் காது

"அவனை உள்ளே தள்ளணும், மேடம். ஆறு மாசமாவது கம்பி எண்ணணும்."

செங்கல்பட்டு ரயிலடிக்கு எதிர்மாடியில் இருக்கும் பார்வதத்தின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள், பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்கத்தான் வருவார்கள். ஒரு வயருக்காக ஒரு மனிதன் பல்லைக் கடிப்பதை அவளுடைய உதவியாளன் கலைவாணன் அன்றுதான் பார்த்தான்.

வந்தவன் பெயர் ஸ்ரீவத்ஸன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் வீடு. எந்த ஸ்பீக்கர் நல்லது, எந்தக் கேபிள் உசத்தி என்று இணையத்தில் எழுதுகிறவன். அவன் காதை நம்பிச் சாமான் வாங்க ஒரு பெருங்கூட்டமே இருந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர்களுக்குப் போகும் அவனுடைய வெள்ளிக் கேபிளை யாரோ உருவிக்கொண்டு, அதே கறுப்பு வலையுறைக்குள் சாதாரண வயரைச் செருகிவிட்டார்களாம்.

"எப்போ தெரிஞ்சுது?" என்றாள் பார்வதம்.

"ஞாயித்துக்கிழமை காலம்பற. பாட்டு போட்ட உடனே காது சொல்லிடுத்து. சத்தத்துல உசுரே இல்லை. அப்புறம்தான் உறைக்குள்ள பார்த்தேன்."

"காதுதான் முதல்ல? கண்ணு இல்லையே?"

"சத்தியமா காதுதான்! சனிக்கிழமை மத்தியானம்கூட தேவாமிர்தமா இருந்தது. சாயங்காலம் இன்வர்ட்டர் ரிப்பேருக்கு தேவசகாயம் வந்தான். அந்த ரூம்ல பத்து நிமிஷம் தனியா இருந்தான். வேற யாரு?"

தேவசகாயம் மைக் செட், எலெக்ட்ரிக் வேலை செய்கிறவன். போன வருஷம் ஸ்ரீவத்ஸன் நண்பர்களைக் கூட்டி இந்தக் கேபிளைக் கேட்க வைத்தபோது, கடை வயருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று சொன்னானாம். "கருவாட்டுக் காதுக்கு என்னடா தெரியும்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். அந்த வஞ்சம்!" என்று ஸ்ரீவத்ஸன் சிரித்தான். கலைவாணனுக்கு அவனை மாடிப்படியில் உருட்டிவிடலாம் போலிருந்தது.

"போலீஸ்ல ஆதாரம் கேக்கறா. உங்ககிட்ட போகச் சொன்னதே என் ஆத்துக்காரிதான்."

"அப்படியா?" பார்வதம் பேனாவை எடுத்து அதை மட்டும் குறித்துக்கொண்டாள். "காது சொன்ன கதையை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

மறுநாள் ஸ்ரீவத்ஸனின் வீட்டுக்குத் தேவசகாயத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். கடற்கரைப் பாதையில் நின்றிருந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. "நெம்மேலி கடல்தண்ணி பிளான்ட்ல வேலை கெடச்சிகீதுக்கா. இந்த வாரம் போலீஸ் வெரிஃபிகேஷன். கேசுன்னு ஒண்ணு பேர்ல வுழுந்தா அவ்ளோதான்."

"கவலப்படாத அண்ணாத்த, யக்கா கீறாங்க" என்றான் கலைவாணன்.

கொல்லைப்பக்கமாக நுழைந்தார்கள். உப்புக்காற்றில் கேட், ஜன்னல் கம்பி, பம்பு மூடி எல்லாம் துருவேறிக் கிடந்தன. இரண்டு கொடிகளில் காய்ந்த குழந்தைத் துணிகளில் மட்டும் ஒரு துருக்கறைகூட இல்லை. பார்வதம் அங்கே ஒரு நிமிஷம் நின்றாள்.

உள்ளே ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு. கேபிள் தரையில் படாமலிருக்க வரிசையாக மரக்கட்டைகள். "போன மாசம்தான் வெச்சேன். ஒரு திரை விலகின மாதிரி இருந்தது" என்றான் ஸ்ரீவத்ஸன். ஆம்ப்ளிஃபயர் பக்கம் உறையின் முனையில் தையல் விட்டு வயர் தெரிந்தது. மிச்சமிருந்த தையல் பொடிப்பொடியாக, வரிசை பிசகாமல் இருந்தது. இடது ஸ்பீக்கரின் பின்புறம், வயர் மாட்டும் இடத்தை மூடி மண்கட்டி ஒன்று அப்பியிருந்தது.

"இது?"

"குளவிக்கூடு. இது கட்டின வாரம்தான் சுப்ரஜா உண்டாயிருக்கான்னு தெரிஞ்சது. அந்தச் சமயத்துல உடைக்கப்படாதுன்னுட்டா. குழந்தைக்கு இருபத்தஞ்சு நாள் ஆறது, இனிமேதான் எடுக்கணும்."

"யக்கா, கைரேகை எடுத்துடலாமா?" என்று துள்ளினான் கலைவாணன்.

"வேண்டாம். உங்க மனைவியையும் கூப்பிடுங்க."

சுப்ரஜா குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். பார்வதம் நிதானமாகக் கேட்டாள். "கலைவாணா, கூட்டுக்குள்ள போறது எந்த வயர்?"

அவன் குனிந்து உறையை விலக்கினான். "சாதா வயருதான்! ஸ்குரூ ரெண்டும் மண்ணுக்குள்ள கீது. கூட்ட ஒடைக்காம கழட்டவே முடியாது!"

"கூடு கட்டி எட்டு மாசம். அதுல ஒரு கீறல் இல்ல. அப்போ இந்த வயர் அதுக்கும் முன்னாடியே வந்தாச்சு. சனிக்கிழமை வந்தவர் இதை எப்படிச் செருகுவார்? நீங்க கேட்ட தேவாமிர்தம் இந்த வயர்ல வந்ததுதான். கட்டை வெச்சதும் திரை விலகினதும் இதே வயர்லதான். ஞாயித்துக்கிழமை உங்க காது ஒண்ணும் சொல்லல. தையல் விட்டுது, கண்ணு பார்த்துது."

ஸ்ரீவத்ஸன் குனிந்து உறையைத் தடவிப் பார்த்தான்.

"அந்தத் தையல் ரவிக்கைக்குப் போடுற ஹெம்மிங். திருட வந்தவன் உட்கார்ந்து ஹெம்மிங் போட மாட்டான்."

"நான்தான்" என்றாள் சுப்ரஜா. குரலில் நடுக்கமே இல்லை. "போன வருஷம் கேபிள் கேக்க எல்லாரும் வந்த அன்னிக்கு, அத்தனை பேர் முன்னாடி என்னைப் பாடச் சொன்னேள். இந்தக் கேபிள்ல கேட்டுப் பழகின காதுக்கு உன் சுருதி ஒரு நூல் இறங்கித் தெரியறதுன்னு சிரிச்சேள். பதினஞ்சு வருஷம் கத்துண்ட பாட்டு. அப்புறம் நான் வாயே திறக்கலை. அந்தக் காதோட யோக்யதை என்னன்னு பார்க்கணும்னு அடுத்த வாரமே மாத்தினேன். ஆஹா ஓஹோன்னு நீங்க எழுதினதையெல்லாம் ஒண்ணு விடாம படிச்சுச் சிரிச்சேன்."

"இவர் மேல பழி வந்ததும் சொல்லியிருக்கலாமே?"

"எனக்கு அப்பவே தெரியும்னு சமாளிச்சுடுவார். மூணாம் மனுஷாகிட்ட சத்தியம் பண்ணட்டும்னுதான் உங்ககிட்ட அனுப்பினேன்." தேவசகாயத்தைப் பார்த்தாள். "உங்களைத் தவிக்க விட்டது தப்பு. மன்னிச்சுக்கோங்கோ."

"என் கேபிள் எங்கே?" என்று கத்தினான் ஸ்ரீவத்ஸன்.

பார்வதம் ஜன்னலைக் காட்டினாள். கொல்லையில் இரண்டு கொடிகளும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளி முறுக்காய் மின்ன, அவற்றில் குழந்தைத் துணிகள் ஆடின. "ஒரு நாளாவது துணி எடுக்கப் போயிருந்தா பார்த்திருப்பீங்க."

கலைவாணனுக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. "நீ இன்னா சொல்ற அண்ணாத்த?"

"புகார வாபஸ் வாங்கட்டும்" என்றான் தேவசகாயம். "அப்பால, எட்டு மாசமா இன்னா வயர்ல கேட்டாருன்னு அவரே எழுதிப் போடணும். கருவாட்டுக் காதுன்னு சொன்னதையும் வுடாம. அன்னிக்கு சிரிச்ச அத்தினி பேரும் படிக்கணும்."

"எழுதலேன்னா நான் போடறேன்" என்றாள் சுப்ரஜா. ஸ்ரீவத்ஸன் முன்தினம் கையெழுத்திட்ட தாளைப் பார்வதம் எடுத்து அவளிடம் கொடுத்தாள். ஸ்ரீவத்ஸன் போனை எடுத்துத் தட்டத் தொடங்கினான். முடிக்க அரைமணி ஆனது.

குழந்தை அழுதது. சுப்ரஜா மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். பழக்கதோஷத்தில் ஸ்ரீவத்ஸன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூன்று பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டான்.

"சுருதி சுத்தமா கீதும்மா" என்றான் தேவசகாயம்.

வெளியே தூறல் போட்டது. சுப்ரஜா பாட்டை ஒரு கணம் நிறுத்தினாள். "துணியெல்லாம் நனையறது. எடுத்துண்டு வாங்கோ."

ஸ்ரீவத்ஸன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான்.